வந்தாறுமூலையா, டவுனில் உள்ள தனியார் கல்லூரியா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மட்டக்களப்பு வீடுகளில் எழும் கேள்வி இது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமென்றால் என் ஓட்டு வந்தாறுமூலைக்குத்தான். 1986 முதல் பல்கலைக்கழகமாக அங்கே இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணமில்லை. தகுதியானவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் உதவியும் உண்டு. பெரிய நூலகம், ஆய்வுகூடங்கள், பிற மாவட்டப் பிள்ளைகளின் பழக்கம் வேறு. ஆனால் அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கவேண்டும். கேட்ட பாடநெறிதான் கிடைக்கும் என்றும் இல்லை.

தனியார் கல்லூரியில் அந்தக் காத்திருப்பு கிடையாது. வகுப்பும் சிறிது, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சரி, காசு? தவணைப் பணத்தோடு பரீட்சைக் கட்டணமும் தனியாக வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டத்தைத் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அரச வேலைக்கு அது செல்லுமா என்பதையும் காசு கட்ட முன்னமே விசாரியுங்கள். விளம்பரப் பலகையில் அதெல்லாம் இருக்காது.