‘ஆறு பேர்’ ஆட்டோமேட்டிக் டென்ட்: சித்தி, மாமா, பாட்டியோடு மலைக்குக் கொண்டுபோகலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இணையக் கடைகளில் ‘6 பேர், 2 நிமிடத்தில் ரெடி’ என்று விற்கும் குடை டென்ட், மழை இல்லாத மாதத்தில், காற்று மறைவான இடத்தில், நாலு பேருக்கு நல்ல டென்ட். சொந்தபந்தம் எட்டுப் பேர் கிளம்பி, அதில் ஒரு பாட்டியும் இரண்டு வாண்டுகளும் இருந்தால், இதை மட்டும் நம்பி கொழுக்குமலைக்கோ கொடைக்கானல் மேல்மலைக்கோ ஏறாதீர்கள்.

பிராண்ட் பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் பல பெயர்களில் வருவது ஒரே அமைப்புதான். உச்சியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலோ ஆறோ ஃபைபர் கம்பிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் மடங்கும் மூட்டு ஒன்று. குமிழைப் பிடித்துத் தூக்கி, மூட்டுகளை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை ஒவ்வொன்றாகத் தள்ளினால் டென்ட் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் விளம்பரம் பொய் சொல்லவில்லை. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தாலும், டார்ச்சைப் பிடிக்க ஒருவர், தள்ள ஒருவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோணல் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறது.

இந்த வகையில் அடிக்கடி காணும் தரை அளவு 250 × 220 செ.மீ. ஆறு பேரை 250 பக்கத்தில் வரிசையாகப் படுக்கவைத்தால் ஆளுக்கு 42 செ.மீ.கூட வராது. கடையில் கிடைக்கும் ஃபோம் பாயின் அகலமே 50 முதல் 60 செ.மீ. ஆக, பாய் விரித்தால் நாலு. ஐந்தாவது ஆள் இரண்டு பாய்க்கு நடுவே உள்ள பள்ளத்தில் படுக்க வேண்டியதுதான். நீளம் 220 என்றாலும் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து இறங்குவதால் 175 செ.மீ. உயர ஆளுக்குத் தலையோ காலோ துணியில் உரசும். துணி விடியற்காலையில் ஈரமாக இருக்கும், அதற்குப் பிறகு வருகிறேன். பைகளுக்கென்று இடம் கிடையாது. செருப்பை வெளியே விட்டால் பனியில் நனையும், உள்ளே வைத்தால் மண். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ஆள் கணக்கைப் பார்க்காமல் தரை அகலத்தைச் செ.மீ.யில் பார்த்து 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற விடைதான் ஆள் கணக்கு.

நடு உயரம் ஏறக்குறைய 150 செ.மீ. வாசல் அதற்கும் கீழே, வாசற்படியாக ஒரு சாண் துணி வேறு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் குனிந்து, படி தாண்டி, தரையிலிருந்து கையூன்றி எழுவது பகலிலேயே கஷ்டம். இரவு இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தால் மொத்தக் குடும்பமும் எழுந்துவிடும். பாட்டி, பெரியப்பா இருந்தால் முகாமிலேயே ஓர் அறை இருக்கிறதா என்று கேட்டு அதை அவர்களுக்கு எடுத்துவிடுவது எந்த டென்டையும்விட நல்ல வாங்கல். அறை இல்லையென்றால் கதவோரப் படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் டார்ச், வெளியே வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். எழுந்து நிற்கப் பிடிமானம் அதுதான். மடக்குக் கட்டில் போடுவதானால் நாலு காலுக்கும் கீழே பலகைத் துண்டு வைக்காவிட்டால் தரைத் துணி கிழியும்.

மழைதான் இந்த டென்டின் பலவீனம். நல்ல டோம் டென்டில் (கம்பிகளைத் தனியாகச் செருகி வளைத்து நிறுத்தும் அரைக்கோள டென்ட்) உள்ளே மூச்சு விடும் துணி ஒன்று, அதற்கு மேல் தரைவரை இறங்கும் நீர்காப்புத் துணி ஒன்று என இரண்டு அடுக்கு இருக்கும். குடை டென்டில் மேல்துணி பெரும்பாலும் தொப்பி அளவுக்குத்தான். நேராக விழும் மழைக்கு அது போதும். மலையில் மழை நேராக விழுவதில்லை. சாய்ந்து அடிக்கும் சாரல் ஜன்னல் வலை வழியாகவும் ஜிப் வழியாகவும் உள்ளே வரும்.

‘2000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதைப் பலர் மழையளவு என்று நினைக்கிறார்கள். அந்தத் துணியின் மேல் 2 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணை நிறுத்தினால் அதுவரை கசியாது என்பதே பொருள். கூரைக்கு அது தாராளம். ஆனால் அந்த எண் துணிக்குரியது, தையலுக்குரியது அல்ல. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வழி. உள்பக்கம் தையலின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் அது இருக்காது, அல்லது கூரையில் மட்டும் இருக்கும்.

ஆகவே பார்சல் வந்தவுடன், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மொட்டை மாடியில் விரித்து நிறுத்துங்கள். உள்ளே தரை முழுக்கப் பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஜிப்பை மூடி, வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் அடியுங்கள். மேலிருந்து மட்டும் அல்ல, பக்கவாட்டிலும். எந்தத் தாள் நனைகிறதோ அதற்கு நேர் மேலே உள்ள தையல்தான் குற்றவாளி. வழக்கமாகத் தரையும் சுவரும் சேரும் நாலு மூலை, ஜிப்பின் அடிமுனை, கயிறு கட்டும் வளையம் தைத்த இடம் ஆகியவைதான் ஒழுகும். ஒன்றிரண்டு இடம் என்றால் பி.யு. (பாலியூரித்தேன்) வகை சீம் சீலர், அதாவது தையல் ஓட்டையை அடைக்கும் பசை, ஒரு ட்யூப் வாங்கி, துணி நன்றாகக் காய்ந்த பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தடவி ஓர் இரவு காயவிட்டால் சரியாகும். எல்லா மூலையும் ஒழுகினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முகாமில் போய் டேப் ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஈரத்துணியில் டேப் பிடிக்காது.

அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. பெரிய தார்ப்பாயாக விரித்து, டென்டைச் சுற்றி இரண்டடி திண்ணை மாதிரி நீட்டி வைப்பார்கள். மழை வந்தால் அந்தத் திண்ணைதான் தண்ணீரை வாங்கி டென்டுக்கு அடியில் தள்ளும். பிறகு முழங்கால் ஊன்றிய இடமெல்லாம் தரையிலிருந்து ஊறும். தார்ப்பாய் டென்டின் விளிம்பைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. உள்ளே அடங்க வேண்டும். மிச்சத்தை அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

மழையே பெய்யாத இரவிலும் ‘டென்ட் ஒழுகுது’ என்ற புகார் வரும். குளிருக்குப் பயந்து யாராவது எல்லா ஜன்னலையும் மூடியிருப்பார்கள். ஓர் ஆள் இரவு முழுக்க மூச்சில் விடும் நீர் சுமார் கால் லிட்டர் என்று வைத்தாலும் ஐந்து பேருக்கு ஒரு லிட்டருக்கு மேல். ஒற்றை அடுக்குத் துணியில் அது குளிர்ந்து துளியாகி, நாலு மணி வாக்கில் முகத்தில் சொட்டும். எதிரெதிரே இரண்டு ஜன்னலை ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். காது வழியாகக் குளிர் ஏறும் என்று அடம்பிடிக்கும் மாமாவுக்கு மங்கி குல்லா கொடுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

காற்றுக்கு வருவோம். கூடவே வரும் முளைகள் சைக்கிள் ஸ்போக்கைவிடக் கொஞ்சம் தடிமன், செம்மண்ணில் இரண்டு தடவை அடித்தாலே வளைந்துவிடும். வெல்டிங் பட்டறையில் 8 மி.மீ. முறுக்குக் கம்பியை ஓர் அடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி மறுமுனையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டென்டுக்குப் பத்து, கூடுதலாக இரண்டு. அடிக்கும்போது முளையின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு இழுக்கும் திசைக்கு முளை ஏறக்குறையச் செங்குத்தாக நின்றால்தான் மண் பிடிக்கும். கயிறு கட்டாமல் டென்டை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கம், ஆளில்லாத டென்ட் புரண்டு ஓடுவதும் வழக்கம். கொடுத்திருக்கும் கயிறு கறுப்பாக இருந்தால் வெள்ளைத் துணி கிழித்துக் கட்டுங்கள். இருட்டில் ஓடும் பிள்ளைகள் தடுக்கி விழுவது அதில்தான்.

கம்பி உடைந்தால் என்ன செய்வது என்பதில்தான் குடை டென்ட் சாதாரண டோமிடம் மொத்தமாகத் தோற்கிறது. டோம் டென்டில் உருவி எடுக்கக்கூடிய கம்பி, விரிசல் விட்ட இடத்தில் ஒரு சாண் அலுமினியக் குழாயைச் செருகி இரண்டு பக்கமும் டேப் சுற்றினால் பயணம் முடியும்வரை ஓடும். குடை டென்டில் முதலில் போவது நடு மூட்டின் பிளாஸ்டிக். அது உடைந்தால் அந்தப் பக்கச் சுவர் அப்படியே தொங்கிவிடும், முகாமில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. மூட்டு உடைய முக்கியக் காரணம் மடக்கும்போது காட்டும் அவசரம். கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறாமல் எதிர்க்கும், ஆள் முட்டி போட்டு அமுக்குவார். எல்லா ஜிப்பையும் திறந்துவிட்டு மடக்குங்கள். மடக்கினாலும் பை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும், சின்னக் கார் டிக்கியில் குறுக்கே போகாது.

படுக்கை விஷயத்தில் ஒரே குறிப்பு. மலைக்குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகப் பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிட்டால் சூடு காக்காது. தார்ப்பாய், 10 மி.மீ. ஃபோம் பாய், அதன்மேல் ஜமுக்காளம், பிறகு பேக் என்பதுதான் வரிசை. காற்றடித்த மெத்தை வசதியாக இருக்கும், ஆனால் உள்ளிருக்கும் காற்றே குளிர்ந்து முதுகைப் பிடிக்கும். அதன்மேலும் கம்பளி வேண்டும்.

டென்டோடு சேர்த்து வாங்கப்படும் கேஸட் கேஸ் அடுப்பு பற்றிச் சொல்லாமல் முடியாது. பெரிய குடும்பப் பயணங்கள் தடுமாறுவது டென்டைவிட இதில்தான் அதிகம். 220 கிராம் சொச்சம் உள்ள நீள டப்பா, முழுத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் ஓடும். கொழுக்குமலை மாதிரி 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரம் பிடிக்கும். அதனால் குக்கர் தேவை. ஆனால் எட்டுப் பேருக்கான அகலமான குக்கரை இந்த அடுப்பில் வைக்கக்கூடாது. பாத்திரத்தின் விளிம்பு டப்பா இருக்கும் பெட்டியின் மேல் நீண்டால், அடியிலிருந்து திரும்பும் வெப்பம் டப்பாவைச் சூடாக்கும். நல்ல அடுப்பில் அழுத்தம் கூடினால் டப்பா தானாகக் கழன்றுகொள்ளும், மட்டமானதில் வெடிக்கும். 3 லிட்டர் குக்கரில் இரண்டு தடவை வையுங்கள்.

விடியற்காலையில் அடுப்பு மினுக்கென்று எரிவதற்குக் காரணம் டப்பா காலியானது அல்ல. உள்ளே இருப்பது பியூட்டேன், அதன் கொதிநிலை சைபர் டிகிரிக்குச் சற்றுக் கீழே. இரவெல்லாம் வெளியே கிடந்த டப்பா, எரிய எரிய மேலும் குளிர்ந்து வாயுவை விடாது. டப்பாவை இரவில் அடுப்பிலிருந்து கழற்றி, மூடியைப் போட்டு, துணி சுற்றிப் பைக்குள் வைத்தால் காலையில் காபிக்குச் சிக்கல் வராது. அதைச் சுடுதண்ணீரிலோ தீயருகிலோ வைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

குளியலுக்கு வெந்நீர் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 15 டிகிரித் தண்ணீர் 10 லிட்டரை 45 டிகிரிக்குக் கொண்டுவர, திறந்தவெளியில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், 60 கிராம் வாயு போகும். நாலு பேர் குளித்தால் ஒரு டப்பா முடிந்தது. எட்டுப் பேர், ஓர் இரவு, இரவுச் சாப்பாடு, காலை டிபன், இரண்டு முறை காபி, குளியல் இல்லை என்ற கணக்கில் மூன்று டப்பா, கைவசம் ஒன்று.

அடுப்போ கரிச்சட்டியோ எக்காரணம் கொண்டும் டென்டுக்குள் போகக்கூடாது. மழையென்றால் 12 × 15 அடி தார்ப்பாயை நாலு பக்கமும் திறந்த கூரையாகக் கட்டி அதன்கீழ் சமையுங்கள். கரி அணைந்த மாதிரி தெரிந்த பிறகும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

கேம்ப்ஃபயர் ஆசை எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரி முதல் மழை வரும்வரை அந்தப் புல் அப்படித்தான் பற்றும். முகாம்காரர் காட்டும் இடத்தில், கல் கட்டிய குழியில், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீரோடு மட்டும் தீ மூட்டலாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் டென்ட் போடுவதே குற்றம். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இரண்டு காரில் போனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுங்கள்.

சாப்பாட்டை டென்டுக்குள் வைக்காதீர்கள். பிஸ்கெட் வாசனைக்குக் குரங்கு வலையைக் கிழிக்கும், இரவில் பன்றி வரும். எல்லாம் கார் டிக்கியில் போய்விடட்டும். பெரியவர்களின் இன்சுலினையும் டென்டில் விடாதீர்கள். வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர் இருந்தாலும் உச்சிவெயிலில் மூடிய டென்டுக்குள் அடுப்புச் சூடு இருக்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? எட்டுப் பேருக்கு, தரைவரை மேல்துணி இறங்கும் இரட்டை அடுக்கு டோம், ‘4 பேர்’ என்று எழுதியது, மூன்று. ஒவ்வொன்றிலும் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். குறட்டை விடுகிறவர்களைத் தனியாகப் பிரிக்கலாம், ஒன்று ஒழுகினாலும் மற்ற இரண்டில் ஒதுங்கலாம். இதற்கு நிறுத்தும் நேரம் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஆகும், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே குடை டென்ட் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே தனியாக ஒரு தார்ப்பாய்க் கூரை கட்டினால் சாரலுக்குத் தாங்கும், பகலில் பிள்ளைகள் விளையாடவும் உடை மாற்றவும் அதைவிட வசதியானது இல்லை.

ஈர டென்டைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது தவறில்லை, அங்கே காயவைக்க நேரம் இருக்காது. ஆனால் வீடு வந்த அன்றைக்கே பிரித்து, நிழலில், கொடியில் போட்டுக் காயவையுங்கள். ஒரு வாரம் பையிலேயே கிடந்தால் கரும்புள்ளி விழும். ஈரப்பதம் தொடர்ந்தால் உள்பூச்சு பிசுபிசுத்துப் புளித்த வாடை அடிக்கும், பிறகு அது நீர் தாங்காது. வாஷிங் மெஷினில் போடாதீர்கள், சோப்புத்தூளும் வேண்டாம். வெறும் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும். கம்பி முனைகளில் ஒட்டிய மண்ணைத் துடைத்த பிறகே பரணில் ஏற்றுங்கள்.