கண்ணகி நகர் சுவரோவியங்கள்: நிதி கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரின் அடுக்குமாடிப் பக்கச்சுவர்கள் 2020 தொடக்கத்தில் ஓவியங்களாயின. தெருச்சுவர்க் கலைக்கான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, பெயிண்ட் நிறுவனமான ஏசியன் பெயிண்ட்ஸ், சென்னை மாநகராட்சி மூன்றும் கைகோத்த வேலை. ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் இது. முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவார்கள் என்ற பேச்சு பல வருடங்களாக உண்டு. அப்படிப்பட்ட இடத்தின் பெயரைச் சென்னை முழுவதும் வேறு காரணத்துக்காகப் பேசவைத்த வகையில் இது பெரிய வெற்றி. இதே மாதிரியை வேறு குடியிருப்புகளில் செய்ய நினைக்கும் நிறுவனங்கள், அதன் பலத்தோடு அதில் எளிதாக விட்டுப்போகக்கூடிய செலவுகளையும் பார்க்க வேண்டும்.

முதல் பாராட்டு மாதத் தேர்வுக்கு. ஜனவரி முதல் மார்ச் வரைதான் சென்னையில் வெளிச்சுவர் வேலைக்குச் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் காய்ந்திருக்கும். மே வெயிலில் பெயிண்ட் ரோலரை விட்டு இறங்கும் முன்னே காய்ந்து, ஒட்டுப்போட்ட மாதிரி கோடுகள் விழும். ஆனால் மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதால் பல நிறுவனங்கள் பிப்ரவரி கடைசியில்தான் பணம் விடுகின்றன. ஒப்பந்தம் அக்டோபரிலேயே கையெழுத்தானால் மழைக்காலம் முழுவதும் மக்களோடு பேசவும், ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், எந்தச் சுவரில் எங்கே ஏறுகிறது என்று நேரில் பார்க்கவும் பயன்படும்.

அந்த ஓதம்தான் இந்த வேலையின் முதல் எதிரி. ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு, மறுபக்கம் கடல். கழிவுநீர்க் குழாய் கசியும் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் உப்பு பூத்து, கொப்புளம் கட்டி, பாளமாக உரியும். சோதிப்பது எளிது. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள். முதலில் பிளம்பருக்குப் பணம் கொடுங்கள். குழாய் மாற்றும் செலவு ஓவியத் திட்டத்தில் சேராது என்பது சரியான வாதமே இல்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு ஓவியத்தைவிட அதுதான் முதல் உதவி.

அளவுகளைப் பார்க்கலாம். 40 அடி உயரம், 30 அடி அகலமுள்ள சுவர் 1,200 சதுர அடி. பழைய வெள்ளையடிப்பைச் சுரண்டி, பாசியை பிளீச்சிங் கரைசலால் கழுவிக் காயவிட்டு, விரிசலை கிராக் ஃபில்லரால் அடைத்து, வெளிச்சுவர் பட்டி பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய இடம் என்றால் 28 நாள் காத்திருப்பது நல்லது. பிரைமர் ஒரு கோட்டுக்கு 12 முதல் 15 லிட்டர், அடிவண்ணம் இரண்டு கோட்டுக்கு 20 முதல் 24 லிட்டர். ஓவிய வண்ணங்களுக்கு இன்னும் அதே அளவு வைத்துக்கொள்ளலாம். சொரசொரப்பான பூச்சு என்றால் எல்லாமே கூடும். பெயிண்டை நிறுவனமே இலவசமாகத் தந்தால் பாதிச் செலவு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். சுரண்டும் கூலி, பட்டி, ஓவியரை உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் வண்டியின் வாடகை, ஓவியர் சம்பளம் ஆகியவைதான் பட்ஜெட்டைத் தின்னும்.

லிஃப்ட் விஷயத்தில் முன்கூட்டியே தரையைப் பாருங்கள். பூம் லிஃப்ட் நிற்க உறுதியான, சமமான தரை வேண்டும். கழிவுநீர்த் தொட்டி மூடிமேல் சக்கரம் ஏறினால் ஆபத்து. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்திடம் மின்தடைக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். குறுகிய சந்துகளில் சாரம் கட்டுவதே வழி. மேற்குப் பார்த்த சுவருக்கு செங்காவி, மஞ்சள் காவி போன்ற ஆக்சைடு நிறங்களைக் கேளுங்கள். பளிச்சென்ற இளஞ்சிவப்பும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் வெளுக்கும்.

ஊர்மக்களின் பங்கு என்று வந்தால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிடம் கற்க நிறைய இருக்கிறது. 1984இல் அங்கே தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில், மெல்லிய நெய்யாத் துணியில் பள்ளிகளிலும் சமூகக்கூடங்களிலும் மக்கள் வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு அந்தத் துண்டுகளை அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டுகிறார்கள். ஆயாவும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் 40 அடி ஏறாமலே ஓவியத்தில் பங்கெடுக்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு இதைச் சின்னச் சுவரில் சோதித்துப் பார்த்துவிட்டே விரிவாக்க வேண்டும். எதை வரைவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். சுவருக்குப் பொருள் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பட்டி பார்க்கும் வேலையை அங்கேயே இருக்கும் பெயிண்டர்களுக்கு, முழு நாள் கூலியில் கொடுங்கள். தன்னார்வம் என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்காதீர்கள்.

நிதி தொடர்பான சட்டத்தில் இரண்டு இடங்கள் முக்கியம். நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை எதற்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கலை, பண்பாடும் உண்டு, குடிசைப்பகுதி மேம்பாடும் உண்டு. எனவே அந்த நிதியைக் கேட்கலாம். பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 என்ற அரசுப் படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தன் பொருளை விளம்பரப்படுத்தும் ஆதாயத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே சுவர் நிறைய லோகோ கேட்கும் நிறுவனத்திடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, ‘தொடரும் திட்டம்’ என்று ஒப்பந்தம் போடும் வசதி. தொடங்கிய நிதியாண்டை விட்டு அடுத்த மூன்று ஆண்டுவரை செலவை நீட்டிக்கலாம். திறப்புவிழாவோடு முடியும் ஒரே தவணை ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கு இடமே இருக்காது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கழுவுதல், உரிந்த இடத்தில் பட்டி, மூன்றாம் ஆண்டில் மறுவண்ணம், இவற்றுக்கான தொகையை முதல் நாளே எழுத வேண்டும். அடித்த நிறங்களின் எண்களையும், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் மீதியையும், மூடி இறுக்கி, அந்த பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்திடமே விட்டுவிடுங்கள்.