அகமதாபாத் ராய்ப்பூர் வாசல் மாஞ்சா: வாங்கலாமா?

ஜனவரி 14 உத்தராயணப் பட்டத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில், ராய்ப்பூர் வாசல் பக்கம் தெருவோரக் கம்பங்களுக்கிடையே பருத்தி நூலை இழுத்துக் கட்டி, சோற்றுப் பசை, கண்ணாடித்தூள், சாயம் கலந்த உருண்டையால் நெடுகத் தேய்த்துத் தருகிறார்கள். ரெடிமேடு ஃபிர்கியைவிட (நூல் சுற்றிய உருளை) இதுதான் மேல், கண்ணெதிரே ஏறுகிற பசை ஆயிற்றே!

ஒன்பது இழை நூல் பெரிய பட்டத்தையும் தாங்கும். ஆறு இழை லேசு, சட்டென்று இழுத்து எதிராளி நூலை அறுக்கத் தோது.

ஃபிர்கியில் சுற்றுமுன் இரு விரலால் உருவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் காயவில்லை, சுற்றுக்குள் ஒட்டிக்கொண்டு, நூலை விட்டுக்கொடுக்கும்போது அறும். திட்டுத்திட்டாக நெருடினால் பசை சீராக ஏறவில்லை, திருப்பிக் கொடுங்கள்.

ஒருவருக்கு 2,500 வார் தாராளம். மறுநாள் வாசி உத்தராயணத்துக்கும் மிஞ்சும். நைலான் மாஞ்சா கேட்காதீர்கள், 2017 முதல் தடை. ஆள்காட்டி விரலுக்குப் பிளாஸ்டர் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.