முன் சென்சாரா, பின் சென்சாரா? ஏற்காடு இறக்கத்தில் கிடைத்த விடை

ஏற்காட்டுக்கு ஏறும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. சேலம் திரும்பியதும் ஒரு பணிமனையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்றார்கள். கைக்கு எட்டியது பின் சென்சார், அதையே மாற்றினார்கள். மறுநாள் விளக்கு மீண்டும் எரிந்தது. ரசீதில் இருந்த பழுதுக் குறியீடு பி 0133. முதல் வரிசையின் முதல் சென்சார் மந்தமாக இயங்குகிறது என்பதே அதன் பொருள். மாற்ற வேண்டியது முன்னால் இருந்தது.

இந்த எண் முறையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்றாம் சிலிண்டர் இருக்கும் பக்கமே முதல் வரிசை. நம் ஊரில் ஓடும் மூன்று, நான்கு சிலிண்டர் கார்களில் பெரும்பாலும் ஒரே வரிசைதான். வி வடிவ எஞ்சினில் பொதுவாக இரண்டு. புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது முதல் சென்சார், அதைத் தாண்டி இருப்பது இரண்டாவது.

முன் சென்சார் எஞ்சினுக்கு வழிகாட்டி. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து சொல்கிறது. அதைக் கேட்டு எஞ்சினின் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அதனால், வழக்கமான வகையில், அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். பின் சென்சாரோ கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாட்சி. கன்வெர்ட்டர் நலமாக இருந்தால் அது 0.6, 0.7 அருகே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். முன்னதைப் போலவே பின்னதும் ஊசலாடினால் கன்வெர்ட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்க மலை இறக்கம்போல் நல்ல இடம் வேறில்லை. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். சைலன்சர் குழாயில் வெறும் காற்று ஓடும். அப்போது முன் சென்சார் சட்டென்று பூஜ்யத்தை நெருங்க வேண்டும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சற்றுப் பிடித்துவைப்பதால் பின்னது கொஞ்சம் தாமதித்து இறங்கும். சிறு ஸ்கேனர் ஒன்றைப் பொருத்தி இறங்கினேன். பக்கத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணா, பின்னது இறங்கிவிட்டது, முன்னது இன்னும் 0.3இல் நிற்கிறது" என்றான். நான்கு வளைவுகளிலும் அதே கதை. முதலில் இறங்க வேண்டிய முன்னதுதான் பிந்தியது.

எனவே இரண்டும் பழசாகி, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், என் தீர்ப்பு முன் சென்சாருக்கே. அது கெட்டால் பெட்ரோல் வீணாகும், ஐட்லிங் தடுமாறும், மிகுதியாக ஊற்றும் பெட்ரோலால் கன்வெர்ட்டரே சூடேறிப் பாழாகலாம். பின்னது கெட்டால் பெரும்பாலும் மைலேஜ் மாறாது. ஆனாலும் விளக்கை எரியவிட்டே ஓட்டாதீர்கள். அடுத்த பழுது வந்தால் எப்படித் தெரியும்?

பி 0420 என்று வந்தாலும் உடனே பின் சென்சாரை மாற்றாதீர்கள். அது கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகச் சொல்லும் குறியீடு. சாட்சியை மாற்றினால் வழக்கு தீராது. சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் அளவு பிசகும். அதை முதலில் பாருங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. பெரும்பாலான சென்சார்களின் மரை ஒன்றே, 18 மி.மீ.; ஆகவே எதுவும் எதிலும் ஏறிவிடும். ஆனால் பல கார்களில் முன்னது காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வேறு வகை, அது 0.1, 0.9 என்று ஊசலாடாது, அங்கே பின் சென்சார் உதவாது. கடையில் "ஆக்சிஜன் சென்சார்" என்று மட்டும் கேட்காமல், "கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ளது" என்று சொல்லி, வண்டியின் சேசிஸ் எண்ணையும் கொடுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.