அப்புச்சியின் ஃபியட்: பத்து வருடம் கூட இருந்து பார்த்த கணக்கு

இது என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கிய 1971 மாடல் ஃபியட் 1100 டி. 1994-இல் அவர் தவறிய பிறகு, கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நின்றுவிட்டது. மேலே ஓடு, கீழே மண் தரை, ஒட்டினாற்போல மாட்டுக் கட்டுத்தரை. இருபத்தோரு வருடம் அப்படியே நின்றது. 2015 பொங்கல் கழித்து வெளியே தள்ளினோம். 2017 ஆவணியில் மறுபடி ரோட்டில் ஏறியது. அன்று முதல் 21,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

பழைய காரை வீட்டில் வைத்தே சரி பண்ண நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் செலவைத்தான் கேட்கிறார்கள். இதுவரை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஆகியிருக்கிறது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரே வேலையை இரண்டாம் முறை செய்ததற்கே போனது. அந்த இரண்டாம் முறைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அப்புச்சி காலத்தில் இந்த வண்டியைப் பார்த்த மேஸ்திரி (மெக்கானிக்) இன்னும் இருக்கிறார், எழுபது தாண்டியவர். சாளைக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வண்டி ஓடிக் கெடலீங் தம்பி. நின்னு கெட்டிருக்குதுங்.” அன்று அது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

முதலில் எஞ்சின். 1089 சிசி, நாலு சிலிண்டர், 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). சுத்தமாக இறுகிக் கிடந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, தினமும் சாயங்காலம் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக அசைத்துப் பார்ப்போம். பன்னிரண்டாம் நாள் அரை அங்குலம் நகர்ந்தது. அன்றைக்கு அம்மா எல்லாருக்கும் கச்சாயம் சுட்டுக் கொடுத்தார். ஆனால் திறந்து பார்த்தால் இரண்டு சிலிண்டரில் துரு வளையமாகக் கடித்திருந்தது. போர் பண்ணாமல், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்காமல், முடியாது.

இந்த இடத்தில் கொங்கு நாட்டில் பிறந்ததற்கு நான் உண்மையாகவே நன்றி சொல்ல வேண்டும். கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் போனால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பம்புக்கும் மில் இயந்திரத்துக்கும் உருப்படி செய்து பழகிய கைகள். புஷ், பின், ஸ்டட் எதுவானாலும் பழையதைக் கையில் கொடுத்தால் அளவெடுத்துக் கடைந்து தந்துவிடுவார்கள். பிஸ்டனும் பேரிங்கும் கிடைப்பதில் சிரமமே இருக்கவில்லை. 1974-இல் இந்தக் கார் பத்மினி என்று பெயர் மாறினாலும் எஞ்சின் அடிப்படையில் அதேதான். அதனால் சாமான் இன்னும் கிடைக்கிறது. உக்கடம் பழைய சாமான் கடைகளிலேயே பாதியை எடுத்தோம்.

அப்படியும் எஞ்சின் 280 கிலோமீட்டரில் போனது. பெருந்துறை தாண்டிப் போகும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. அடுத்த நாள் கீழிருந்து டக் டக் என்று சத்தம். சம்ப்பை (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றினால் ஆயிலில் வெள்ளிப் பொடி மின்னுகிறது. காரணம் இதுதான்: கிராங்கைக் கிரைண்டிங் (கல்லால் தேய்த்துச் சமமாக்குவது) கொடுத்து வாங்கினோம். கிராங்குக்குள்ளே ஆயில் ஓடக் குறுக்காகத் துளைகள் உண்டு. கிரைண்டிங் கல்லின் பொடி அதற்குள் போய் அடைந்துகொள்ளும். மாட்டுவதற்கு முன் அதைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியைத் திணித்து இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டறையில் கழுவியாச்சு என்றார்கள். நானும் நம்பி மாட்டிவிட்டேன். புது பேரிங் எல்லாம் கீறல். மறுபடி கிராங்க் கிரைண்டிங், அடுத்த அளவு பேரிங், 22,000 ரூபாய், இரண்டு மாதம். இரண்டாம் முறை அந்தத் துளைகளை நானே உட்கார்ந்து கழுவினேன். துணி வெள்ளையாக வெளியே வர நாலு முறை ஆனது. அதற்குப் பிறகு இன்றுவரை எஞ்சினைத் திறக்கவில்லை. மூடுகிற பாகம் எதையும் மூடும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள். யார் செய்த வேலையாக இருந்தாலும் சரி.

உடம்பு வேலைதான் என்னை மிகவும் வாட்டியது. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத் தகடும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. எங்களுடையதில் தரையில் கையே நுழையும் அளவுக்கு ஓட்டை. அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டிவிட்டோம். குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டாக் (தற்காலிகச் சிறு வெல்டிங்) அடித்திருக்க வேண்டும், செய்யவில்லை. புதுத் தகடு வெல்டிங் ஆகி, ஜாக்கியிலிருந்து இறக்கிக் கதவைச் சாத்தினால், பூட்டுக்கும் கொண்டிக்கும் எட்டு மி.மீ. வித்தியாசம். வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. பாதி வெல்டிங்கை அறுத்து, நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கதவு ‘கிளிக்’ என்று மாட்டும் இடத்தில் நிறுத்தி மறுபடி ஒட்டினோம். வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

பெயிண்ட் எட்டு மாதத்தில் கொப்பளித்தது. நாலு கதவுக்கும் அடி விளிம்பில்தான், வேறெங்கும் இல்லை. ஏன் அங்கே மட்டும்? கதவுக்குள் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற அடியில் சிறு துளைகள் இருக்கும். பட்டி பார்த்தபோது அவற்றை அடைத்துவிட்டிருக்கிறார்கள். பார்க்க வழுவழுவென்று அழகாக இருந்தது. ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே நின்றது. அதோடு நான் வேறு பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருந்தேன். உள்ளே வேர்த்து ஈரம் காயவே இல்லை. மேஸ்திரி சொன்னதின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சரி பண்ணிய பிறகும் நிறுத்தி வைத்தே கெடுத்திருக்கிறேன். இப்போது உறையே கிடையாது. ஞாயிறு தவறாமல் சத்தியமங்கலம் வரையாவது ஓட்டிவிட்டு வருவேன்.

வயரிங்கை எலி தின்றிருந்தது, முழுதும் புதிதாக இழுத்தோம். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தேன். சீட்டுக்குப் பொள்ளாச்சித் தென்னை நார். இவற்றில் எதுவும் தொல்லை தரவில்லை.

பிரேக் தந்தது. இந்த மாடலில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். எங்கே ஒழுகினாலும் மொத்தமும் போய்விடும். 2019-இல் திம்பம் மலையில், 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கியபோது பெடல் தரையைத் தொட்டது. என் மனைவி பக்கத்தில், பின்னால் இரண்டு குழந்தைகள். இரண்டாம் கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்க ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். வீல் சிலிண்டருக்குள் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிறு உருளை) பழைய துருக் குழிகள் இருந்திருக்கின்றன. புது ரப்பரை அவை அறுத்துவிட்டன. தேய்த்துவிட்டால் போதும் என்று நினைத்தது தவறு. நாலையும் கழற்றி, உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு வாங்கினேன். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

சித்திரை வெயிலில் இன்னொன்று வரும். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காது. டோல்கேட் வரிசையில் அணைந்துவிடும். ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் கிளம்பிவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது. குழாய்களையும் பம்ப் டயாபிரத்தையும் (பம்புக்குள் இருக்கும் சவ்வு) எத்தனால் தாங்குகிற வகையாக மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைப்பதில்லை.

கடைசியாக ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) விஷயம். 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், ‘விஏ’ வரிசையில் எண் தருவார்கள். நண்பர்கள் வற்புறுத்தினார்கள். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்குத்தான் எடுக்கலாம். வழக்கமாக ஓட்டக் கூடாது. எனக்கு அது ஒத்துவரவில்லை. 2022-இல் சாதாரண ஆர்.சி.யாகவே புதுப்பித்தேன், அந்த வருடம்தான் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகியிருந்தது. அடுத்தது 2027. இருபது வருடம் தாண்டிய காருக்கு இப்போது 10,000. கட்டிவிடுவேன். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை பாரியூர் அம்மன் கோயிலுக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும், அதுவும் முன் சீட்டில்.