பி.எல்.டி.சி. ஃபேன்: நாலைந்து கோடைக்குப் பிறகு

பி.எல்.டி.சி. என்பது எலக்ட்ரானிக் போர்டால் ஓடும், குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன். வீட்டில் எந்த ஃபேன் அதிக நேரம் ஓடுகிறதோ அதை மட்டும் இதற்கு மாற்றினால் போதும். எப்போதாவது ஓடும் பூஜை அறை ஃபேனை மாற்றிப் போட்ட காசை எடுக்க முடியாது.

கணக்கு எளிது. முழு வேகத்தில் பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், இது 30. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மிச்சம் 675 வாட்-மணி. இரண்டு மாத ஈ.பி. பில்லில் ஏறக்குறைய 40 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல். 500-ஐத் தாண்டினால், 101-இலிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். ஆனால் ராத்திரி வேகத்தை இரண்டில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு இவ்வளவு மிச்சம் வராது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால் பழைய ஃபேனே அந்த வேகத்தில் குறைவாகத்தான் இழுக்கும்.

மீட்டரிலேயே சோதிக்கலாம். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருந்தால், 75 வாட்டுக்கு 15 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும். 30 வாட்டுக்கு 37 விநாடியாவது ஆகும். புது ஃபேன் மட்டும் ஓடும்போது 20 விநாடிக்குள் சிமிட்டினால் ஃப்ரிட்ஜையோ வேறு எதையோ அணைக்க மறந்திருப்பீர்கள்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, பழைய ரெகுலேட்டரை அப்படியே விடுவது. அது மின் அலையை வெட்டியோ வோல்டேஜைக் குறைத்தோ அனுப்பும். ஃபேனுக்குள் இருக்கும் போர்டுக்கு அது ஆகாது. விட்டுவிட்டு ஓடும், பிறகு போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேராக ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்தில் வைத்தால் போதும் என்பார் எலக்ட்ரீஷியன். யாராவது ஒருநாள் திருகத்தான் செய்வார்கள்.

இன்வெர்ட்டர் வீட்டில்தான் இதன் அருமை தெரியும்: ஒரு பழைய ஃபேன் ஓடும் பேட்டரியில் இது இரண்டு ஓடும்.

பலவீனம் போர்டுதான். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் சூட்டிலும் அதிலுள்ள கெப்பாசிட்டர் உப்பிவிடும். பழைய ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும், செலவும் சொற்பம். இதற்கு அதே கம்பெனி, அதே மாடல் போர்டு வேண்டும். வாங்கும் முன்பே அது தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். "ஃபேனையே மாத்திடுங்க சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.