ஃபிக்ஸி வாங்கப் போகிறீர்களா? பின் ஹப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

பினாங்கில் பிள்ளைக்கு ஃபிக்ஸி வாங்கித் தர நினைக்கும் பெற்றோரும், சொந்தக் காசு சேர்த்து வாங்கப் போகும் தம்பி தங்கைகளும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என் அக்கா மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு, பிறையில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிச் சேர்த்த காசில் ஒரு ஃபிக்ஸி வாங்கினான். விலை 1,100 வெள்ளி (ரிங்கிட்). விற்றது தீவில் இருக்கும் ஒரு சைக்கிள் கடை. அந்த சைக்கிளில் இருந்த பின் சக்கரம் ஃபிக்ஸிக்கு ஆன சக்கரமே இல்லை. அது விற்றவருக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயரைவிட அந்தச் சக்கரத்தில் என்ன செய்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஃபிக்ஸி ஓட்டாதவர்களுக்கு இரண்டு வரி. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் உருளும். ஃபிக்ஸியில் அது நடக்காது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், காலும் கூடவே சுற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பெடலைக் காலால் பின்பக்கமாக எதிர்த்து அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் செயின் வழியாகப் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு, அதாவது பின் பல்சக்கரத்துக்குப் போய் சக்கரத்தைப் பிடிக்கும். ஆக, பின் ஹப்தான், சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளைதான், இங்கே பாதி பிரேக். பெடலைப் பலமாகப் பிடித்துச் சக்கரத்தைச் சறுக்க விடுவதற்குப் பெயர் ஸ்கிட்.

இனி மரை விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்ப்ராக்கெட் ஹப்பில் மரை போட்டுத்தான் உட்காருகிறது. முன்னால் மிதிக்கும்போது செயின் அதை இன்னும் இறுக்கும். பின்பக்கம் அழுத்தும்போது அதே செயின் அதைக் கழற்றப் பார்க்கும். அதனால்தான் ஃபிக்ஸிக்கு ஆன உண்மையான ட்ராக் ஹப்பில் இரண்டு படியாக மரை வெட்டியிருப்பார்கள். உள்படி பெரியது, ஸ்ப்ராக்கெட்டுக்கு, வலது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால் இறுகுவது. வெளிப்படி சிறியது, லாக்ரிங் என்கிற வளையத்துக்கு, இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகுவது. ஸ்ப்ராக்கெட் கழன்று வர முயன்றால் அது லாக்ரிங்கைத் தள்ளும். லாக்ரிங் எதிர் மரை என்பதால் தள்ளத் தள்ள இறுகும். இதைவிட எளிமையாக ஒரு பாதுகாப்பு செய்ய முடியாது. யார் முதலில் யோசித்தார்களோ, கும்பிட வேண்டும்.

பையனின் சைக்கிளில் இருந்தது, மிதிக்காதபோதும் சக்கரத்தை உருள விடும் ப்ரீவீல் என்கிற பல்சக்கரம் போடும் சாதாரண ஹப். ஒரே படி, ஒரே வலது மரை. அதில் ஒரு ட்ராக் ஸ்ப்ராக்கெட்டை மாட்டி, மரை கழலாமல் ஒட்டிப் பிடிக்கும் சிவப்புப் பசையைக் கொட்டி, வெளியே ஒரு வளையத்தை இறுக்கி விட்டிருக்கிறார்கள். அந்த வளையமும் லாக்ரிங் இல்லை. பழைய சைக்கிள்களில் பெடல் அச்சு ஓடும் பெட்டியின் இடது பக்கத்தில் இருக்குமே, அந்த வளையம். அதுவும் வலது மரைதான். ஸ்ப்ராக்கெட் கழன்றால் அதுவும் கூடவே கழன்று வரும். பார்வைக்கு லாக்ரிங் மாதிரியே இருக்கும், பள்ளம் பள்ளமாக வெட்டு எல்லாம் இருக்கும். தெரியாமல் மாட்டியிருந்தால் பசை எதற்கு? லாக்ரிங் தாங்கும் ஹப்பாக இருந்தால் பசையே தேவையில்லை. அது தாங்காது என்று தெரிந்த ஒருவர்தான் பசையைத் தேடிப் போவார்.

பையனுடைய நல்ல நேரம், அவன் எங்களோடு ஓட்ட வந்தான். நாங்கள் வெள்ளிக்கிழமை இரவில் பாடாங் கோத்தா லாமாவில் கூடி, கர்னி டிரைவ் வழியாக தஞ்சோங் தோக்கோங் வரை போய்த் திரும்புகிற கூட்டம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் உண்டு. சங்கம், பதிவு, சந்தா எதுவும் கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பு: முன் பிரேக் இல்லாத சைக்கிள் எங்களோடு வர முடியாது. எங்களில் மூத்தவரான ஒரு அண்ணன் இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பையன் பிரேக் இல்லாமல் வந்து நின்றபோது, "என்னடா தம்பி, சர்க்கஸுக்கா போறோம்?" என்று கேட்டு, தன் பெட்டியில் கிடந்த பழைய முன் பிரேக்கை அங்கேயே மாட்டிவிட்டார். பையனுக்கு முகம் சுருங்கிப் போனது. அழகு கெட்டுவிட்டதாம்.

அடுத்த சில வாரங்களில் ஒரு இரவு, கர்னி ரவுண்டபவுட்டை நெருங்கும்போது முன்னால் ஒரு கார் சட்டென்று நின்றது. பையன் காலை எதிர்த்து அழுத்தினான். பெடல் பின்னால் சுற்றியது. சைக்கிள் மட்டும் அதே வேகத்தில் முன்னால் போனது. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கே ஒரு நொடி புரியவில்லை. அந்த "அழகு கெட்ட" பிரேக்கைப் பிடித்து, காரின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். கீழே விழவில்லை, கீறல்கூட இல்லை. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், ஸ்ப்ராக்கெட்டும் அந்த வளையமும் சேர்ந்து மரையை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தன. பிரேக் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. என் அக்காவும் இதைப் படிப்பாள்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் நம்மவர்தான், இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பையன் அங்கே வாங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். தமிழில் பேசினாராம், தோளில் கை போட்டாராம், "நம்ம பையன்னு விலையைக் குறைச்சேன்" என்றாராம். அன்றைக்கும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். சக்கரத்தை மேசை மேல் வைத்ததும் பேச்சு மாறியது.

"ஸ்கிட் அடிச்சா கழலத்தான் செய்யும். அவனை யாரு ஸ்கிட் அடிக்கச் சொன்னது?"

"அண்ணே, கால் பிரேக்தானே இதுல இருக்கிறதே. அதை உபயோகிக்கக் கூடாதுன்னா எப்படி?"

"வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு. இது சாமான் தப்பு இல்ல, ஓட்டுற ஆள் தப்பு."

அப்புறம் சுவரில் மாட்டியிருந்த மலாய்ப் பலகையைக் கையால் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்கிற வழக்கமான பலகை. கடைசியில் 200 வெள்ளி தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். பையன் என்னைப் பார்த்தான், "வேணாம் மாமா" என்றான். கிளம்பிவிட்டோம்.

பிரேக்கைக் கழற்றி விற்றதும் அவர்தான். பையன் கேட்டபோது, "அசிசுல் சைக்கிள்ல பிரேக் பார்த்திருக்கியா?" என்று மடக்கியிருக்கிறார். நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் ஹாங்காங்கில் கெய்ரின் என்கிற சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றவர், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியவர். அவர் சைக்கிளில் பிரேக் கிடையாது, உண்மைதான். அவர் ஓட்டுவது வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தய அரங்கில். அங்கே எல்லாரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். சந்திப்பு இல்லை, கிராப் மோட்டார் இல்லை, கதவைத் திடீரென்று திறக்கும் கார் இல்லை. எல்லாருக்கும் பிரேக் இல்லாமல் இருப்பதே அங்கே பாதுகாப்பு, பின்னால் வருகிறவன் மோத மாட்டான். அதை லெபோ சூலியாவில் விற்க ஒரு சாம்பியனின் பெயரை இழுப்பது அயோக்கியத்தனம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், பாசிக்கல் லாஜாக் (மாற்றியமைத்த, பெரும்பாலும் பிரேக் இல்லாத சைக்கிள்) ஓட்டிய பையன்கள் மீது கார் மோதி 8 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரியில் கூட்டமாக சைக்கிள் ஓட்டினாலே போலீஸும் சரி, வீட்டில் இருப்பவர்களும் சரி, ஒரே கண்ணோடு பார்க்கிறார்கள். விளக்கும் தலைக்கவசமும் பிரேக்கும் போட்டு ஓட்டுகிற எங்களுக்கு அந்தப் பெயரைத் துடைப்பதே பெரிய வேலை. பிரேக்கைக் கழற்றி விற்கிற கடைக்காரருக்கு அதைப் பற்றி என்ன கவலை?

டயரிலும் ஒரு கதை உண்டு. வாங்கிய கொஞ்ச நாளிலேயே பின் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்தது. கடைக்குப் போனால், "இது லோக்கல் டயர், ஸ்கிட்டுக்குத் தாங்காது" என்று மூன்று மடங்கு விலையில் ஒரு டயரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது. காரணம் டயர் இல்லை, பல் கணக்கு. முன்னால் 48 பல், பின்னால் 16. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக 3 சுற்று. ஸ்கிட் செய்யும்போது கால் எப்போதும் ஒரே நிலையில்தான் நிற்கும் என்பதால், டயரின் அதே இடம்தான் ஒவ்வொரு முறையும் தரையில் உராயும். பின்னால் 17 பல் போட்டால் அந்தத் தேய்மானம் 17 இடங்களில் பிரிந்துபோகும். ஃபிக்ஸி விற்கிற கடையில் இதைத் தெரியாதவர் இருக்க வாய்ப்பே இல்லை. டயர் விலையில் ஒரு சிறு பங்குதான் அந்த ஸ்ப்ராக்கெட். சொல்லாமல் இரண்டாவது டயரை விற்றார்கள்.

ஹேண்டிலில் என்.ஜே.எஸ். என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. ஜப்பானில் 1948 முதல் நடக்கும் கெய்ரின் பந்தயத்துக்கு அங்கீகரித்த பாகங்களில் வரும் முத்திரை அது. ஆனால் அது உலோகத்தில் குத்திய முத்திரை, நகத்தால் உரிக்கிற ஸ்டிக்கர் இல்லை. ஃபிரேமையும் "ஃபுல் க்ரோமோ", அதாவது முழுக்க வலுவான கலப்பு எஃகு, என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சீட்டுக் கம்பியைக் கழற்றினால் அடியில் 25.4 என்று மில்லிமீட்டரில் விட்டம் அடித்திருக்கிறது. நல்ல மெல்லிய க்ரோமோ குழாய் ஃபிரேம்களில் பெரும்பாலும் 27.2 வரும், 25.4 என்றால் அநேகமாகத் தடித்த சாதாரண எஃகு. காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் சிலர். இரண்டும் எஃகுதான், இரண்டிலும் ஒட்டும். அலுமினியமா இல்லையா என்பதற்கு மட்டும்தான் காந்தம் உதவும். இந்த ஸ்டிக்கர், ஃபிரேம் விஷயங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடுதல் காசு போயிற்று, அவ்வளவுதான். ஹப் அப்படி இல்லை.

ஹப்பைக் கடையிலேயே சோதிப்பது எளிது. லாக்ரிங்கை உங்கள் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பேனரைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் அது கழல வேண்டும், ஏனென்றால் அது இடது மரை. மற்ற நட்டுகளைப் போல எதிர்ப்பக்கம் திருப்பிக் கழன்றால், கையில் இருப்பது லாக்ரிங் இல்லை. வளையம் வந்ததும் உள்ளே இரண்டு படி தெரிகிறதா, மரையில் பசை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளிப் ஃப்ளாப் ஹப் என்றால் இரண்டு பக்கமும் பாருங்கள். அதில் ஒரு பக்கம் ஃபிக்ஸிக்கு, மறுபக்கம் ப்ரீவீலுக்கு. ப்ரீவீல் பக்கத்தில் ஸ்ப்ராக்கெட்டை மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான். பழைய ரோடு சைக்கிளை ஃபிக்ஸியாக மாற்றி விற்றால், பின் அச்சு உட்காரும் வாய் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினை இழுக்க முடியும். கழற்றிக் காட்ட நேரமில்லை என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். அது ஐந்து நிமிட வேலை.

ரசீதையும் சும்மா விடாதீர்கள். எங்கள் ரசீதில் "பாசிக்கல் 1" என்று மட்டும்தான் இருக்கிறது. ட்ராக் ஹப், லாக்ரிங், முன் பிரேக், பல் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் அதன் வேலைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். பலகை மாட்டி அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. எழுதத் தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆனால் இது வியாபாரிகளுக்கு எதிராக மட்டும்தான். ஃபேஸ்புக்கில் தனி ஆளிடம் பழைய ஃபிக்ஸி வாங்கி ஏமாந்தால் இந்த வழி கிடையாது. அப்படி வாங்குகிறவர்கள் முன்பணம் அனுப்பாதீர்கள், நேரில் போய் லாக்ரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பையன் இப்போது இரவல் சக்கரத்தில் ஓட்டுகிறான், முன் பிரேக்கோடு. மனு போட்டாகிவிட்டது, விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அந்தப் பழைய சக்கரத்தைப் பசையோடு, துடைக்காமல், அப்படியே பையில் கட்டி வைத்திருக்கிறோம். இதே மாதிரி வாங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பாடாங் கோத்தாவுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். லாக்ரிங் ஸ்பேனர் அண்ணனிடம் இருக்கிறது, காசு வாங்க மாட்டார். அதே பசை, அதே வளையம் உங்கள் சக்கரத்திலும் இருந்தால், படம் எடுத்து ரசீதோடு நீங்களும் ஒரு மனு போடுங்கள்.